பெரியதை முதலில் பிடி

பருவநிலை மாறிவிட்டது என்பதைப் பற்றி எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் ஒரு கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர், பேசியவர்கள் ஆறு பேர். அந்த ஆறில் நால்வர் காரில் வந்தவர்கள். அதில் ஒருவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. கடைசியில் ஒரு வேப்பங்கன்று நட்டார்கள், போன ஆண்டு நட்டதை ஆடு தின்ற அதே குழியில். கன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்ற கைகள் பதினான்கு. தண்ணீர் ஊற்றிய கை ஒன்றுகூட இல்லை.

நான் ஏழாவதாக எழுந்து பேசினேன். பேச அழைக்கவில்லை, நானாகத்தான் எழுந்தேன். என்னிடம் நோட்டு இருந்தது. அவர்களிடம் இருந்தது வாய் மட்டும்.

சுரங்கத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் ஷிஃப்ட் ஆபீசில் இருந்தவன் நான். எந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது, பெல்ட்டில் எவ்வளவு நிலக்கரி போனது என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஓய்வு பெற்றபின் மகனுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். எழுதும் வேலை போயிற்று, எழுதும் நோய் போகவில்லை. மழை பெய்த நாள், பனி விழுந்த காலை, முதல் குயில், மாமரத்தில் பூ, எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு வைத்திருந்தேன். நாங்கள் தோண்டிக் கொடுத்ததை எரித்துத்தான் பாதி ஊர் விளக்குப் போடுகிறது. அந்தச் சூடு எங்கே போகும் என்று சர்வீஸில் இருந்தவரை ஒருநாளும் நான் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

2016ஆம் ஆண்டு ஐப்பசியில் மழை வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை. மார்கழியில் சைக்கிள் சீட்டைத் துடைக்க வேண்டிய அளவுக்குப் பனி விழுந்த காலைகள் நான்கு. பத்தாண்டுகளுக்கு முன் அதே மாதத்தில் பத்தொன்பது என்று என் நோட்டில் இருக்கிறது. அந்த ஆண்டுதான் எங்கள் தெருவில் புல் வெட்டும் தோட்டக்காரர் சொந்தமாக ஒரு பயிர் வைத்தார்.

அவர் கான்ட்ராக்ட் ஆள். பக்கத்துக் கிராமத்தில் நிலமில்லாத கூலிக் குடும்பம். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நடவு நட்டவர். இவர் பதினோரு ஆண்டுகளாக அடுத்தவர் வேலியை வெட்டிக்கொண்டிருந்தார். டவுன்ஷிப்புக்கு வெளியே, முன்பு அடித்த புயலில் முந்திரி எல்லாம் சாய்ந்துபோன ஒரு நிலத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் ஓடியதால் மழை பொய்த்தும் கன்றுகள் காயவில்லை. பப்பாளி, இருநூற்றுப் பன்னிரண்டு கன்று. அவர் இருநூறு என்றார். நான் போய் எண்ணினேன்.

இது தேறிவிட்டால் கான்ட்ராக்டை விட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அவருடைய மனைவி இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். இது தேறாவிட்டால் நிலத்துக்காரர் அடுத்த வருஷம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், இப்படி இன்னொரு நிலம் தமக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றார்.

தை மாதம் ஒரு காலையில் தோட்டக்காரர் எங்கள் வீட்டு வேலியோரம் வந்து நின்று ஒரு பப்பாளி இலையைக் காட்டினார். அடிப்பக்கம் முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல் மாவுப்பூச்சி. இலையின் நரம்போரம் எறும்பு வரிசை. கடையில் ஒரு மருந்து சொல்கிறார்கள், அடிக்கலாமா என்று கேட்டார். படித்தவர் என்பதால் என்னைக் கேட்டார். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்பது இந்த ஊரைப் பிடித்த பழைய சீக்கு. அந்தச் சீக்கில் சுகம் கண்டவர்களில் நானும் ஒருவன்.

மருந்து கூடவே கூடாது என்றேன். பூச்சியைத் தின்னும் பூச்சிகள் உண்டு, விஷம் அடித்தால் முதலில் சாவது அவைதான் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். இவ்வளவும் சரி. மருந்துக் கடைக்காரனைத் திட்டினேன், மருந்து வாங்குகிறவர்களை மூடர்கள் என்றேன், மூன்று கதை சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, அப்படியானால் என்ன செய்வது என்று கேட்டார். அங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

கையால் பிடிக்கலாம் என்றேன். மறுநாளே ஒரு முறை வகுத்தேன். மூன்று ஷிஃப்ட். வேலைக்குப் போகும் முன் தோட்டக்காரர் முதல் ஷிஃப்ட், நடுப்பகலில் அவர் மனைவி இரண்டாம் ஷிஃப்ட், மாலை நான்கரைக்குமேல் நான் மூன்றாம் ஷிஃப்ட். ஆளுக்கு ஒரு பெயிண்ட் பிரஷ், மூவருக்கும் பொதுவாக ஒரு ஊறுகாய் பாட்டில், பாட்டிலில் பாதி சோப்புத் தண்ணீர். வரப்பிலிருந்து எட்டு வரிசை, வரிசைக்கு எண், கன்றுக்கு எண். மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு ரிஜிஸ்டர் கட்டித் தொங்கவிட்டேன். பிடித்தது எத்தனை, எந்தக் கன்றில், யார். ஷிஃப்ட் முடிந்ததும் பாட்டிலை அடுத்த ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். தோட்டக்காரர் மனைவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதனால் கையெழுத்தும் வாங்கினேன்.

ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடி ஷிஃப்டுக்குக் கிளம்பியதைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "லேட்டாப் போனா அந்தப் பூச்சிக்கு ஓ.டி. கொடுக்கணுமா?"

நான் பிரஷை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான்கரை ஆகிவிட்டது.

முறையின் முதல் விதி: பெரியதை முதலில் பிடி. இதற்கு நான் வைத்திருந்த காரணத்தை இப்போது எழுதவே கூசுகிறது. இலையில் இரண்டு அளவு வெள்ளைப் பூச்சிகள் இருந்தன. ஒன்று கடுகைவிடக் கொஞ்சம் பெரியது, ஆயிரக்கணக்கில் அடையாக ஒட்டியிருப்பது. மற்றது அரிசியளவு, சில சமயம் அதைவிடப் பெரியது, உடம்பெங்கும் வெள்ளைக் குஞ்சம் தொங்குவது, கன்றுக்குப் பத்து இருபது இருப்பது. சிறியதெல்லாம் குஞ்சு, பெரியது தாய் என்று தீர்மானித்தேன். தாயைக் கொன்றால் முட்டை இல்லை, முட்டை இல்லாவிட்டால் குஞ்சு இல்லை. சுரங்கத்தில் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தவனுக்கு இதைவிட என்ன தர்க்கம் வேண்டும்? சிறியதை எண்ண முடியாது. பெரியதை எண்ணலாம். எண்ண முடிந்ததுதான் முக்கியமானது என்று நினைக்கிற ஆட்கள் எல்லா ஆபீசிலும் உண்டு.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பாட்டிலை ஒப்படைக்கும்போது தோட்டக்காரர் மனைவி சொன்னார்: "பெருசு மட்டும் ஓடுதுங்க ஐயா. பிரஷ்ஷ கிட்ட கொண்டாந்தா விறுவிறுன்னு போவுது. சின்னது அது பாட்டுக்கு ஒட்டிக்கினே இருக்குது. ரெண்டும் ஒண்ணுதானா?"

நான் சிரித்தேன். தாய்க்குக் காலில் பலம் அதிகம், அதனால் ஓடுகிறது என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். மூன்று மாதத்தில் அந்தத் தோட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. ரிஜிஸ்டரில் அதற்கும் கட்டம் இல்லை.

இன்னொரு கட்டம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாவுப்பூச்சியைத் தின்னப் பொறிவண்டு வரும் என்று பத்திரிகையில் இருந்ததால் 'பொறிவண்டு' என்று ஒரு பத்தி போட்டு வைத்தேன். பள்ளிப் புத்தகத்தில் பார்த்த வண்டுதான் என் மனத்தில் இருந்தது: சிவப்பு முதுகு, கறுப்புப் புள்ளி. அது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கறுப்பாக, தலைப்பக்கம் மட்டும் செம்பழுப்பாக ஏதோ சின்ன வண்டுகள் இலையில் நடந்துகொண்டிருந்தன. அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. புத்தகத்தில் இல்லாத வண்டுக்கு என்ன மரியாதை? பொறிவண்டுப் பத்தியில் ஐம்பத்தெட்டு நாள் தொடர்ந்து பூஜ்யம் எழுதினேன்.

அதில் அதுவரை சேர்ந்த பூஜ்யங்களை எடுத்துக்கொண்டுதான் மாசி மாதம் பிளாக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். சூடு ஏறினால் பயிரைத் தின்னும் பூச்சி சீக்கிரம் பெருகுகிறது, அதைத் தின்னும் பூச்சி காலத்தில் வந்து சேர்வதில்லை, மழை வந்து இலையைக் கழுவுவதும் இல்லை, இதோ ஆதாரம் என்று நோட்டைத் தூக்கிக் காட்டினேன். சொன்ன மூன்றும் உண்மை என்று பிறகு தெரிந்தது. தூக்கிக் காட்டிய ஆதாரம்தான் பொய். காரில் வந்தவர்களில் ஒருவர் மட்டும் கை தட்டினார். மற்றவர்கள் சுண்டலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முறை பிரமாதமாக வேலை செய்தது. முதல் வாரத்தில் பெரிய பூச்சி நாளொன்றுக்கு நூற்றுக்குமேல் சிக்கியது. மாசிக் கடைசியில் நாற்பது. பங்குனி நடுவில் ஆறு. பங்குனி இருபத்தேழு அன்று மூன்று ஷிஃப்டும் சேர்ந்து பூஜ்யம். அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். சர்வீஸில் இருந்தபோது மாதாந்திர இலக்கைத் தாண்டினால் போடும் கோடு அது.

அதே நாட்களில் பப்பாளி செத்துக்கொண்டிருந்தது. சிறிய பூச்சி இலையை விட்டுத் தண்டுக்கு ஏறியது, தண்டிலிருந்து பிஞ்சுக்குப் போனது. அவை கழிக்கும் பிசினில் கரும்பூசணம் படர்ந்து இலைகள் அடுப்புக்கரி பூசியதுபோல் ஆயின. குருத்து சுருண்டது. சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்க இந்த அரை ஏக்கர் மட்டும் வாய்க்கால் தண்ணீரில் பச்சையாக நின்றதால், எல்லாப் பூச்சிக்கும் இதுவே அன்னச்சத்திரம். தோட்டக்காரர் கன்றுகளைப் பார்ப்பார், பிறகு சுவரில் தொங்கிய ரிஜிஸ்டரைப் பார்ப்பார். ரிஜிஸ்டர் ஜெயித்துக்கொண்டிருந்தது. தாய்கள் ஒழிந்துவிட்டன, குஞ்சுகள் தாமாக அடங்கும், பத்து நாள் பொறுங்கள் என்றேன்.

அவர் ஆறு நாள் பொறுத்தார். சித்திரையில் ஒரு இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு குறிஞ்சிப்பாடி வேளாண் அலுவலகத்துக்குக் கிளம்பினார். அரை நாள் கூலி போகும். நானும் வருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். அங்கே காட்டுவதற்கு என்னிடம் ரிஜிஸ்டர் இருந்தது, பிடித்ததையெல்லாம் போட்டு மூடி இறுக்கிய ஊறுகாய் பாட்டில்கள் ஐந்து இருந்தன. ஒட்டிய காகிதத்தில் மொத்தம் எழுதியிருந்தேன்: 3,846. பஸ்ஸில் பாட்டில்கள் உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்ன ஊறுகாய் என்று கேட்டார்.

அலுவலகத்தில் இருந்தது ஒரு இளவயதுப் பெண் அதிகாரி. இலையைப் பார்த்ததும் பப்பாளி மாவுப்பூச்சி என்றார். எங்கள் பக்கம் இது முன்பு வந்து அடங்கியதுதான், இந்த வறட்சியில் மறுபடி கிளம்பியிருக்கிறது என்றார். நான் அவர் முடிக்கும்வரை காத்திருந்து பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்தேன். ரிஜிஸ்டரைத் திறந்து சிவப்புக் கோடு போட்ட பக்கத்தைக் காட்டினேன்.

அவர் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, குண்டூசியால் ஒன்றைப் புரட்டி அதன் வெள்ளைக் குஞ்சத்தை வழித்தார். உள்ளே கறுத்த உடம்பு, ஆறு கால். இரண்டாவதையும் வழித்தார். மூன்றாவது. பத்துவரை போனார். நானும் மனத்துக்குள் எண்ணினேன்.

"ஐயா, இதுல மாவுப்பூச்சி இல்லைங்க."

தாய்ப்பூச்சி என்றேன்.

"இது பொறிவண்டோட புழுங்க. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். அதுங்க நடுவுலயே இருந்து அதைத்தான் திங்கும். எல்லாம் இதுவேதானா? அஞ்சு பாட்டிலுமா?"

தோட்டக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கருப்பா ஒரு வண்டு திரிஞ்சிகினு இருந்திச்சிங்களே, தல மட்டும் செவப்பா," என்றார். அதுதான் தாய் என்று அதிகாரி சொன்னார்.

பிறகு அந்தப் பெண் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அது திட்டைவிட மோசமாக இருந்தது. மழை பெய்கிற வருஷத்தில் மழையே பாதிப் பூச்சியைக் கழுவித் தள்ளிவிடும், பனிக்காலம் மீதியை மெதுவாக்கும். இந்த வருஷம் இரண்டும் இல்லை. குளிர் இல்லாததால் மாவுப்பூச்சி தையிலேயே கோடை வேகத்தில் பெருகிவிட்டது. வண்டு பின்னால் ஓடி வந்து பிடிக்க வேண்டியதாயிற்று. வந்தும் சேர்ந்திருக்கிறது, தானாகவே, நல்ல எண்ணிக்கையில். விட்டிருந்தால் பங்குனி வெயில் ஏறுமுன் முக்கால்வாசி தின்றிருக்கலாம். இனிமேல் வண்டு வாங்கி விட்டாலும் நிற்காது, இந்த அக்கினி வெயிலை அந்த வண்டு தாங்காது, அதை வளர்த்துக் கொடுக்கிற கூடங்களிலேயே இப்போது சாகிறது, மழை வந்தபின் வண்டு கேட்டுப் பாருங்கள் என்றார். மோசமான கன்றுகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பைத் தடுத்து, மீதிக் கன்றுகளுக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கச் சொன்னார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. பாட்டில்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

முந்தைய ஆண்டுகளில் சூட்டைப் பற்றி எவ்வளவு பேர் எவ்வளவு பேசியிருக்கிறார்கள்! அத்தனை பேரையும் நான் ஏளனம் செய்திருக்கிறேன். அவர்கள் கெடுதல் செய்யும் அளவுக்கு ஒரு வேலையும் செய்யவில்லை என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. ஏசி காரில் வந்தவர் ஒரு பொறிவண்டையாவது கொன்றிருப்பாரா? வானம் செய்த வஞ்சனையையும் மீறி அந்த வண்டு எங்கிருந்தோ அந்த அரை ஏக்கரைத் தேடிப் பறந்து வந்து முட்டையிட்டிருக்கிறது. நான் மூன்று ஷிஃப்ட் போட்டு அதன் பிள்ளைகளைப் பிடித்து, எண்ணி, சோப்புத் தண்ணீரில் போட்டு, அதன் பெயருக்கு நேரே பூஜ்யம் எழுதி, அது வரவில்லை என்று மைக் பிடித்து ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

டவுன்ஷிப் ஆர்ச் கேட்டில் இறங்கியபோது தோட்டக்காரர், "வெயிலா இருக்குது, ஷேர் ஆட்டோவுல போயிடுங்க சார்" என்றார்.

ஒன்பது நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் பாட்டில்களைப் பார்த்த மருமகள் இவை என்ன என்று கேட்டாள். வீட்டுத் தோட்டத்து மூலையில் குழி வெட்டிக் கொட்டினேன். என் மனைவி இந்த முறை கேலி செய்யவில்லை. நாலு நாள் பார்த்துவிட்டு, "போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. இங்க உக்காந்து கூரையை முறைச்சா ஆச்சா?" என்றாள்.

பத்தாம் நாள் காலை ஏழு மணிக்குப் போனேன். தோட்டக்காரர் இல்லை. அவர் மனைவி வரப்போரம் கன்றுகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். எட்டு வரிசையில் மூன்று காலியாகிவிட்டன. என்னைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்தார். உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். ஆடியிலிருந்து வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டாராம். அவர் கணவர் விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். கான்ட்ராக்டரிடம் அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் பக்கம் ஆள் கேட்டார்களாம். புல் வெட்டுவதைவிட அதில் இரண்டு நாள் கூடுதலாக வேலை கிடைக்குமாம்.

பேசத் தயாராகத்தான் போயிருந்தேன். பொய்த்த மழை, நான்கே பனி நாட்கள், தையில் அடித்த வெயில், வண்டு வரத் தாமதமான கணக்கு, எல்லாம் உண்மையான எண்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் என் பங்கு பாதிக்குக் கீழே வந்துவிடும் என்று வழியெல்லாம் போட்டுப் பார்த்திருந்தேன். மழையில் ஆரம்பித்தேன். இந்த வருஷம் மழையே ஏமாற்றிவிட்டதம்மா என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை.

"ஏமாத்திச்சிங்க. இல்லன்னு யாரு சொன்னா? மழையப் போயி ஏன்டா பெய்யலன்னு கேக்க முடியாதுங்களே ஐயா. உங்கள கேக்கலாம். ஓடுதுன்னு சொன்னேன் இல்ல? ஏங்க சிரிச்சீங்க?"

கொண்டு போயிருந்த எண்களில் ஒன்றுகூட இதற்குப் பதிலாகவில்லை. தெரியாததால் சிரித்தேன் என்றேன். தெரியவில்லை என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் சிரித்தேன் என்றேன். என் எழுபத்திரண்டு வயதில் எனக்குக் கீழே ஷிஃப்டில் வேலை பார்த்த ஒருவரிடம் இப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் மன்னித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இன்னிக்குள்ள நாலாவது வரிசைய முடிக்கணும். வெயில் ஏறிச்சின்னா முடியாது," என்றார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். "தூக்கிக் கட்டிக்கினு வாங்க. வேரோட இழுக்கணும். உலுக்காதீங்க, உதுந்தா மத்ததுல ஏறிக்கும்."

வேட்டியை மடித்துக் கட்டினேன். முதல் கன்று எளிதாக வரவில்லை. அவர் வந்து மண்வெட்டியால் அடிமண்ணைப் பறித்துவிட்டார். நான் இழுத்தேன்.